கிணற்றுக் கல்லும் விளைமீன் பல்லும்

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதம், யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டால் அது கல்லில் மோதும் சத்தம்தான் கேட்டது. ஆழமாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று பேர் வந்தார்கள். கல் உடைக்கும் மெசின் முதல் நாளே பழுதாகிவிட, மிச்ச வேலையை அலவாங்கும் சம்மட்டியுமாக முடித்தார்கள். அவர்கள் மேலே அனுப்பிய கல்லெல்லாம் முருங்கை மரத்தடியில் ஒரு சிறு மலையாகக் குவிந்தது. அதை உடனே அப்புறப்படுத்து என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார். நாளைக்கு என்றேன், வழக்கம்போல.

ஐப்பசி மழை அந்தக் குவியலைக் கழுவிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முருங்கைக்காய் பறிக்கப் போனபோது, தேங்காயளவான ஒரு கல்லின் உடைந்த முகத்தில் கறுப்பாக ஒன்று பளிச்சிட்டது. கடலைப்பருப்பை விடச் சற்றுப் பெரிது. மேற்புறம் சட்டைப் பொத்தானைப் போல் வழுவழுப்பான குவிவு. சுற்றியிருந்த கல் மாப் பூத்தது போல் மங்கல் வெள்ளை. இது மட்டும் எண்ணெய் தடவியது போல் மினுங்கியது. குண்டூசியால் கல்லைக் கீறினேன், பொடியாக வந்தது. கறுப்பைக் கீறினேன், ஊசி வழுக்கிக்கொண்டு போனது.

நான் வேலை செய்யும் வங்கியில் ஒருவர் விண்கல் என்றார். இன்னொருவர் கறுப்பு முத்து என்று சொல்லி விலையும் விசாரிக்கச் சொன்னார். என் மனதில் ஓடியதோ ஒரே சொல்தான்: சுறா.

அதற்குக் காரணம் உண்டு. அம்மாவின் மாமா ஒருவர் மயிலிட்டியில் இருந்தார். அவர் வீட்டு முன்விறாந்தைச் சுவரில் ஒரு சுறாத் தாடை ஆணியில் தொங்கியது. நான் அதற்குள் தலையை விட்டுப் பார்க்கும் வயதில் என் தலை அதற்குள் போனது. 1990இல் போரினால் அந்த ஊரே ஒரே நாளில் எழுந்து போனபோது தாடை சுவரிலேயே நின்றுவிட்டது. 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி திரும்பக் கிடைத்தபோது நாங்கள் போய்ப் பார்த்தோம். தாடை கிடக்கட்டும், சுவரே இல்லை. ஆகவே என் காணிக்குள்ளிருந்து ஒரு சுறாப்பல் வந்திருக்கிறது என்று நம்ப எனக்குப் பெரிய ஆதாரம் தேவைப்படவில்லை.

நம்பிக்கை முழுக்க முட்டாள்தனமும் அல்ல. எங்கள் பகுதியான வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது கடல் போட்டுவிட்டுப் போன சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தைச் சேர்ந்தது. வயது ஒன்றரைக் கோடி ஆண்டுக்கும் மேல். கீரிமலையில் கடலோரம் தெரிவதும், நிலாவரையில் தண்ணீர் நிற்கும் குழியும், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை அரைத்து மூட்டையில் கட்டியதும் இந்தக் கல்தான். இதற்குள் டபெரினா மலபாரிகா என்ற, அரிசிக் குறுநொய்யைப் போன்ற ஒரு நுண்ணுயிரின் ஓடு இருக்கிறது. அதே ஓடு கேரளத்தின் கொல்லம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கிறது. வெதுவெதுப்பான, ஆழமற்ற, பவளம் வளர்ந்த கடல். அப்படிப்பட்ட கடலில் சுறா இல்லாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

அந்த உற்சாகத்தில் அடுத்த இரண்டு வாரம் மலையைக் கிளறினேன். நான்கு "சுறாப்பல்" கிடைத்தன. மூன்று சிப்பியின் உடைந்த மூலைகள். நான்காவது கூர்மையாக வளைந்து, ஓரத்தில் பற்கள் போன்ற மேடுகளுடன், பார்த்தால் யாரும் ஏமாறும் அழகோடு இருந்தது. அது நண்டுக் கொடுக்கின் நுனி! வாரத்துக்கு ஒருமுறை நண்டுக் கறி சாப்பிடுகிறவன், கொடுக்கின் விரலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் கனவு கண்டிருக்கிறேன். நண்டு விரல் மங்கலாக இருக்கும், மேற்பரப்பில் ஊசித் துளைகள் தெரியும், மேடுகள் ஒரு பக்கத்தில் மட்டுமே வரும், உள்ளே கோறையாக இருக்கும். பல்லுக்கு எனாமல் போன்ற ஒரு மினுக்கம் உண்டு. அந்த மினுக்கம் முடிகிற இடத்தில் வேர் தொடங்கும். மினுக்கமும் மங்கலும் சந்திக்கும் அந்தக் கோட்டைத்தான் முதலில் தேட வேண்டும். இது சுறாப்பல் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான் நேராக மெகலடோன் என்ற அழிந்துபோன இராட்சதச் சுறாவின் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். உள்ளங்கையை மறைக்கும் பல், பஸ் நீளச் சுறா என்று சொன்னால் சின்னப் பற்களை யார் பார்ப்பார்கள்? ஆனால் கல்லிலிருந்து வருவதில் பெரும்பாலானவை உங்கள் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும்.

சுறாவின் உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. செத்தால் கரைந்துபோகும். மிஞ்சுவது பல்தான். அதுவும் சுறா தன் பல்லைச் சிக்கனமாகப் பாவிப்பதில்லை. முன்வரிசை விழ விழ, பின்னாலிருந்து அடுத்த வரிசை ஓடுபட்டி போல் முன்னுக்கு வரும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிட்டுப் போகும். பல்லின் மேற்பூச்சில் புளோரைட் ஏறியிருப்பதால் அது தண்ணீருக்கும் காலத்துக்கும் இலகுவில் கரையாது. நாங்கள் பற்பசைக்காரரிடம் காசு கொடுத்து வாங்குவது சுறாவுக்குப் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது.

ஐரோப்பாவில் இந்தக் கற்பற்களை நாக்குக்கல் என்றார்கள். மோல்டாத் தீவில் அவை ஏராளம். புனித பவுல் சபித்ததால் கல்லாகிப்போன பாம்பு நாக்குகள் என்று சொல்லி, நஞ்சு முறிக்கும் என்று பானத்தில் நனைத்துக் குடித்தார்கள். பிளினி என்ற ரோமானியர், அவை சந்திர கிரகணத்தின்போது வானத்திலிருந்து விழுபவை என்று எழுதிவைத்தார். எங்கள் வங்கியின் விண்கல்காரருக்கு நல்ல மூதாதை. 1616இல் ஃபாபியோ கொலோன்னா என்ற இத்தாலியர் அவற்றைச் சூடாக்கிப் பார்த்து, கல்லைப் போலன்றி எலும்பைப் போல் கரிகின்றன, ஆகவே இவை பற்களே என்றார். 1666இல் லிவோர்னோ அருகே மீனவர்கள் ஒரு பெருஞ்சுறாவைப் பிடித்தார்கள். அதன் தலை புளோரன்ஸில் இருந்த ஸ்டீனோ என்ற டென்மார்க் வைத்தியரிடம் போனது. அவர் தலையை அறுத்தார், வாயைப் பார்த்தார், நாக்குக்கல்லைப் பக்கத்தில் வைத்தார். அடுத்த வருடம் அச்சேற்றினார்.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு உறைத்த விஷயம் ஒன்றுதான். ஸ்டீனோ பழைய பல்லைப் பற்றிய புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. மேசையில் ஒரு புதிய தலை இருந்தது.

எனக்குப் பாசையூர் மீன்சந்தை இருக்கிறது.

விடியற்காலையில் போனேன். செட்டை நுனி கறுத்த ஒரு சுறா, மூன்றடிக்குச் சற்றுக் கூட, வெட்டுப் பலகையில் கிடந்தது. உடம்பு வறைக்குப் போகும். தலையைக் கேட்டேன். வெட்டுகிற ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பூனைக்கா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். காசு வாங்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, பழைய அலுமினியப் பானையில் தாடையை அவித்தேன். தாடையை அழகாக எடுத்து, பல்லெல்லாம் அதனதன் இடத்தில் நிற்க, மயிலிட்டிச் சுவரில் தொங்கியது போல் மாட்டலாம் என்பது திட்டம். குருத்தெலும்பை அவித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் தாடை கூழாகிவிட்டது. பல் ஒவ்வொன்றும் கழன்று பானையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நாற்றம் ஒழுங்கை முழுவதும் போயிருக்க வேண்டும். எதிர்வீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அவசரத்தில் கையில் அகப்பட்ட அரிதட்டில் எல்லாவற்றையும் வடித்தேன். அது புட்டு மா அரிக்கும் அரிதட்டு. திருநெல்வேலிச் சந்தையில் புதிது வாங்கிக் கொடுத்த பிறகும் அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் கடுதாசியில் அந்தப் பற்களைப் பரப்பி வைத்தபோதுதான் நான் செய்த பிழையின் அருமை புரிந்தது. ஒழுங்கும் வரிசையும் குலைந்து, எது எங்கிருந்தது என்று தெரியாத பல் குவியல். கல்லுக்குள் இருப்பதும் இப்படித்தான் இருக்கும். ஒரே ஒரு வித்தியாசம்: இது முழுவதும் ஒரே மீனுடையது என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் நம்ப முடியவில்லை. ஒரு கும்பலில் அகன்ற முக்கோணங்கள், ஒரு பக்கம் சாய்ந்தவை. ஓரத்தில் நகத்தை ஓட்டினால் அரம் போல் நெருடும். இன்னொரு கும்பலில் ஒடுங்கி நிமிர்ந்த முட்கள், அகன்ற வேரின் நடுவில் நட்டுவைத்தது போல. முதலாவது மேல்தாடை, இரண்டாவது கீழ்த்தாடை. கீழ்ப்பல் இரையைக் குத்திப் பிடிக்கும், மேற்பல் அறுக்கும். முள்ளுக்கரண்டியும் கத்தியும் போல. இரண்டையும் இரண்டு கல்லில் தனித்தனியாகக் கண்டிருந்தால் இரண்டு இனம் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய பெரிய அறிஞர்களே இப்படி ஒரே மீனின் பல்லுக்கு இரண்டு மூன்று பெயர் வைத்து, பின்னால் வந்தவர்கள் அழித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் நடுவிலிருக்கும் பல் வேறு, கடைவாயில் இருப்பது வேறு. கடைசிப் பற்கள் குட்டையாகி, படுத்தே விட்டன.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதற்கும் ஒரு வழி கிடைத்தது. பல்லின் ஒரு முகம் தட்டை, மறுமுகம் புடைப்பு. தட்டையானது வெளியே உதட்டைப் பார்க்கும், புடைத்தது உள்ளே நாக்கைப் பார்க்கும். நுனி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வாயின் கோடி. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் வலது இடது சொல்லிவிடலாம். நான் அந்தக் குவியலில் அரைவாசியைச் சொல்லிவிட்டேன், மிச்சத்தில் என்னை நானே ஏமாற்றினேன்.

சில சுறாக்கள் இவ்வளவு கஷ்டம் கொடுப்பதில்லை. புலிச்சுறாவுக்கு மேலும் கீழும் ஒரே மாதிரிப் பல், சேவல் கொண்டையைப் போல. பின்பக்கத்தில் ஆழமான ஒரு வெட்டு, அதற்குக் கீழே முரட்டு அரம். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஹெமிப்ரிஸ்டிஸ் என்ற இனத்தின் மேற்பல்லில் அரம் பெரிதாக இருக்கும், ஆனால் நுனிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும். நுனி மட்டும் வழவழப்பு. மயோசீன் கடல்களில் அது எங்கும் இருந்தது, அதன் வாரிசு ஒன்று இந்து சமுத்திரத்தில் இன்றைக்கும் நீந்துகிறது. நான் அவித்த கறுப்புநுனிக்காரரின் குடும்பம்தான் தொல்லை. அதில் தனியாகக் கிடைத்த கீழ்ப்பல் ஒன்றை வைத்து இனப்பெயர் சொல்கிறவரை நான் இப்போது நம்புவதில்லை.

சரி, என் கறுப்புப் பொத்தான்? அது இவற்றில் எதுவும் இல்லை. வேரே தெரியவில்லை. அடுத்த கிழமை கல்லைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் பாசையூர் போனேன். தலை இலவசமாகத் தந்த ஐயாவிடம் வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கல்லை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பினார். ஐந்து விநாடி இருக்கும். "தம்பி, இது கடைவாய்" என்றார். பக்கத்துக் கூடையிலிருந்த ஒரு விளைமீனை எடுத்து, வாயைப் பெருவிரலால் விரித்து, கத்தி நுனியால் உள்ளே தொட்டுக் காட்டினார். முன்னால் நாய்ப்பல் போல் கூராக நாலைந்து. பின்னால், இரண்டு பக்கமும், வட்ட வட்டமாக, வழுவழுப்பாக, பொத்தான்கள். வெள்ளையாக இருந்தன என்பதைத் தவிர என் கல்லில் இருந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

சிப்பியும் நண்டும் நொறுக்குவதற்கு என்றார். நாற்பது வருடமாக விளைமீன் கறி சாப்பிடுகிறேன். தலையை அம்மா சொதி வைப்பார், நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். ஒருநாளும் அதன் வாய்க்குள் பார்த்ததில்லை.

அவர் சொன்னது போதுமா என்றால், பெயர் வைப்பதற்குப் போதாது. இப்படி நொறுக்கும் பல் விளைமீனுக்கு மட்டுமல்ல, அதன் பக்கத்துக் குடும்பங்களிலும் இருக்கிறது. ஒற்றைப் பல்லை வைத்து இன்ன இனம் என்று சொல்ல முடியாது. ஆனால் எலும்புள்ள மீன், கடைவாய், ஓடு நொறுக்கித் தின்றது, இவ்வளவும் நிச்சயம். எலும்பு மீனின் பல்லுக்குச் சுறாவைப் போல் கிளை விரித்த வேர் இருக்காது, தாடையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், உடைந்தால் அடியில் கிண்ணம் போல் குழி தெரியும். பிறகு கல்லை மெதுவாகச் சுரண்டியபோது அந்தக் கிண்ணமும் தெரிந்தது.

அதற்குப் பிறகு பாசையூர் எனக்குப் பள்ளிக்கூடமாகிவிட்டது. திருக்கையில் கழுகுத்திருக்கை வகையின் வாய்க்குள் பல்லுக்குப் பதில் தளவோடு பதித்தது போல் அறுகோணக் கட்டிகள் இருக்கின்றன. கல்லில் அவை ஒவ்வொன்றாகக் கழன்று கிடக்கும், திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சீப்பு. முள்ளம்பேத்தையின் வாய்க்குள் தகடு தகடாக அடுக்கிய ஒரு கட்டி. கந்தோரில் அடுக்கிய கோப்புகள் போல் இருக்கும். அதை ஒருமுறை பார்க்காதவர் கல்லில் கண்டால் ஏதோ பூச்சிக்கூடு என்று எறிந்துவிடுவார். சீலாவின் பல் தட்டையான சிறு பிச்சுவா. சாதாரணத் திருக்கைகளில் சிலவற்றில் ஆணின் பல், கூடும் பருவத்தில் கூராகிவிடுமாம். பெண்ணின் பல் தட்டையாகவே இருக்கும். ஒரே மீன், ஒரே வாய், பருவத்துக்கு ஒரு பல். கல்லாகிப்போன உயிர்ச்சுவடுகளைப் படிக்கிறவர்கள் பாவம்.

கடல் தாண்டினால் இந்த வித்தை பழையது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் கே, கன்லிஃப் என்ற இருவர் பொறுக்கிய கிரிட்டேசியக் கால மீன் பற்களை 1845இலேயே எகர்ட்டன் என்பவர் இலண்டனில் விவரித்துவிட்டார். அரியலூர்ப் பக்கம் காரை என்ற இடத்திலும் சுறாப்பற்கள் வருகின்றன. அவை எங்கள் கல்லைவிடப் பல கோடி ஆண்டு மூத்தவை. அங்கே களிமண் மழையில் கரைந்து பல் தானாக வெளியே வந்து கிடக்கும் என்கிறார்கள். இங்கே கல் விடாது.

விடாத கல்லோடு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மார்கழியில், முருங்கையடி மலையில் ஐந்தாவது முறை தேடியபோது, உண்மையான சுறாப்பல் ஒன்று கிடைத்தது. ஏழு மில்லிமீற்றர். தேன் நிறம். ஒடுங்கி நிமிர்ந்த முள், அகன்ற வேர், மினுக்கமும் மங்கலும் சந்திக்கும் கோடு. கீழ்த்தாடை, பானை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. பாதி கல்லுக்குள் இருந்தது. சுண்ணாம்புக்கல் அமிலத்தில் கரையும், பல் பொஸ்பேற்று, கரையாது என்று எங்கோ படித்திருந்தேன். குசினியில் தேசிக்காய் இருந்தது. இரண்டைப் பிழிந்து, கல்லை அதற்குள் போட்டேன். அழகாக நுரைத்தது. படுத்துவிட்டேன்.

காலையில் வேர் நனைந்த சோக்குக்கட்டி போல் இருந்தது. தொட்டதும் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. தேன் நிறம் போய் முள் வெளிறி, ஈ மொய்த்த சீனி போல் மேற்பரப்பு அரித்திருந்தது. ஆய்வுகூடங்களில் பாவிப்பது நன்றாக ஐதாக்கிய அசற்றிக்கமிலம். அதையும் பல்லைத் தாக்காதபடி சமப்படுத்தி, அடிக்கடி எடுத்துப் பார்த்து, நாட்கணக்கில் கழுவுவார்கள். தேசிக்காயின் புளிப்பு வேறு சாதி. அது பல்லிலிருந்தும் கல்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். இப்போது நான் தையல் ஊசியை ஒரு பேனாக் கட்டையில் செருகி, பூதக்கண்ணாடிக்குக் கீழே துகள் துகளாகச் சுரண்டுகிறேன். ஒரு பல்லுக்கு மூன்று இரவு போகும். வேறு வழி தேடுகிறவர்களுக்கு என் பல்லைக் காட்டத் தயார்.

ஒரு கேள்வி எல்லோரும் கேட்கிறார்கள்: கடற்கரையில் கறுப்புப் பல் எடுத்தேன், அது உயிர்ச்சுவடா? நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பு என்றால் பழசு என்று இல்லை. சேற்றில் கிடந்தால் நேற்றைய பல்லும் கறுக்கும். புதைந்திருந்த மண்ணில் என்ன தாது இருந்ததோ அதன் நிறத்தைத்தான் பல் எடுக்கும். என் பொத்தான் கறுப்பு, என் முள் தேன், இரண்டும் ஒரே கிணறு. கல்லுக்குள் கிடந்தால் அது கல்லின் வயது. மணலில் தனியாகக் கிடந்தால் வேரைப் பாருங்கள், பாரத்தைப் பாருங்கள், அதற்குமேல் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

பொத்தானும், அரித்த முள்ளும், நண்டு விரலும் ஒரு நெருப்புப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து இருக்கின்றன. மூடியில் எழுதியிருப்பது: "உரும்பிராய், வீட்டுக் கிணறு. கீழ்த்தாடை, இனம் சொல்ல முடியாது. கடைவாய், இனம் சொல்ல முடியாது. நண்டு."

சென்ற பங்குனியில் நான் வங்கியில் இருந்த ஒரு பகல், ஒழுங்கைக் குழிகளை நிரப்பக் கல் தேடிக்கொண்டு உழவு இயந்திரத்தோடு சிலர் வந்திருக்கிறார்கள். அம்மா முருங்கையடியைக் காட்டியிருக்கிறார். மாலையில் வந்தபோது இடம் கூட்டித் தண்ணீர் தெளித்துச் சுத்தமாக இருந்தது. இப்போது எங்கள் ஒழுங்கையில் நான் சைக்கிளை ஏறி ஓட்டுவதில்லை. உருட்டிக்கொண்டுதான் வருகிறேன், குனிந்தபடி. எதிர்வீட்டுப் பெரியம்மா, என்ன தம்பி காசு விழுந்துவிட்டதா என்று கேட்கிறார்.